கிளி நூறு வருஷம் வாழுமா?

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா வீட்டில் பச்சைக்கிளி இருந்தது. பெயர் மீனா. "நான் கல்யாணமாகி வந்தப்பவே இந்த வீட்ல இருந்த கிளி, எங்க மாமியார் வளர்த்தது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கணக்குப் போட்டால் ஐம்பது வயதைத் தாண்டும். "கிளி நூறு வருஷம் வாழும்டா" என்று எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். பெரியம்மா காலமாகி, பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அவர் மகனிடம் மீனாவைப் பற்றிக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது மூணாவது மீனா" என்றார். முதல் மீனாவைப் பூனை கொண்டுபோய்விட்டது. இரண்டாவது, கூண்டைக் கழுவும்போது பறந்துபோனது. இரண்டு முறையும் பெரியப்பா சத்தமில்லாமல் வேறொரு கிளியைக் கொண்டுவந்து அதே கூண்டில் விட்டிருக்கிறார். பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்கும். சொல்லிக்கொள்ளவில்லை.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. அக்கா மகன் ஆசைப்பட்டு வாங்கிய லவ் பேர்ட்ஸ் ஜோடியில் ஒன்று நாலாவது வருஷம் செத்துப்போனது. "கிளி நூறு வருஷம் வாழும்னு சொன்னீங்களே மாமா" என்று அழுதுகொண்டே கேட்டான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது அவன் கட்சி.

கிளியின் ஆயுளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளில்தான் நிற்கிறது. நூறு வருஷம் என்று ஒரு பக்கம். வாங்கினால் நிலைக்காது, செத்துவிடும் என்று இன்னொரு பக்கம். இரண்டையும் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. 'கிளி எவ்வளவு நாள் வாழும்?' என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன, அவ்வளவுதான். எந்தக் கிளி? சராசரியைக் கேட்கிறோமா, உச்சத்தைக் கேட்கிறோமா? அந்த வயதை யார் எழுதி வைத்தார்கள்?

முதலில், எந்தக் கிளி?

பூனை எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டால் நாலைந்து கிலோ என்போம். பூனைக் குடும்பம் என்று கேட்டால் புலியும் அதில் சேர்ந்துவிடும். கிளியும் அப்படித்தான். உலகத்தில் ஏறத்தாழ 400 வகைக் கிளிகள் இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்குவதும் கிளிதான், அலகிலிருந்து வால்நுனி வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளமுள்ள மக்காவும் கிளிதான்.

நம் ஊரில் கூடுதலாக ஒரு பெயர்க் குழப்பம். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பட்ஜெரிகர் இனம். நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, கொஞ்சம் குண்டு, வால் குட்டை. அதைக் கடைக்காரர்கள் 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று தனியாகச் சொல்வார்கள். பெயரே மாறிக் கிடக்கும்போது ஆயுள் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

நன்றாக வளர்த்தால் பட்ஜெரிகர் 5 முதல் 10 ஆண்டு வாழும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் 10 முதல் 15. கொண்டை வைத்த காக்டெயில் 15 முதல் 20. நம் தோப்பில் கத்திக்கொண்டு பறக்கும் பச்சைக்கிளிக்கு 20, 25 ஆண்டுகள் சாதாரணம், முப்பதைத் தொட்டவையும் உண்டு. சாம்பல் நிற ஆப்பிரிக்கன் கிரே, பெரிய மக்காவ், கொண்டையுள்ள காக்கட்டூ ஆகிய மூன்றும் வேறு கணக்கு. அவை 40, 50 என்று போகக்கூடியவை. பொதுவாக உடம்பு பெருக்கப் பெருக்க ஆயுளும் கூடுகிறது. அக்கா மகனின் பறவைக்கு யாரும் நூறு வருஷம் தந்திருக்க முடியாது. நாலு வயதில் போனது சீக்கிரம்தான், ஆனால் அதற்கு எழுதியிருந்ததே பத்துக்குள்தான்.

சராசரி வேறு, உச்சம் வேறு

1947-இல் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது என்று படித்திருப்பீர்கள். அப்படியென்றால் அந்தக் காலத்தில் 33 வயதில் எல்லாரும் செத்துப்போனார்களா? இல்லையே. தொண்ணூறு வயதுப் பாட்டிகள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அதே பாட்டி பத்துப் பெற்று நாலைப் பறிகொடுத்திருப்பார். ஒரு வயதில் போன குழந்தையையும் தொண்ணூறில் போன பாட்டியையும் சேர்த்து வகுத்தால் எண் நடுவில் எங்கேயோ வந்து விழும். அதுதான் சராசரி ஆயுள்: ஒரு கூட்டத்தில் பிறந்த எல்லாரும் வாழ்ந்த வருஷங்களைக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று பங்கிடுவது. அந்தக் கூட்டத்திலேயே அதிக நாள் இருந்த ஒருவரின் வயது உச்ச ஆயுள்.

கிளி விஷயத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குக் காட்சிச் சாலைகளின் பதிவேடுகளிலிருந்து, 217 இனங்களைச் சேர்ந்த 1,30,000-க்கும் மேற்பட்ட கிளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். செம்மக்காவின் சராசரி ஆயுள் 30 ஆண்டு. மஞ்சள் கொண்டை காக்கட்டூவுக்கு 25. அத்திக்கிளி என்னும் குட்டிக் கிளிக்கு வெறும் 2. காட்சிச் சாலையில் மருத்துவர் இருக்கிறார், கணக்குப் பார்த்துத் தீனி கொடுக்கிறார்கள். அங்கேயே இந்த நிலை. 'மக்காவ் எண்பது வருஷம் வாழும்' என்று கடையில் சொன்னால், அது உச்சத்தில் நின்ற யாரோ ஒருவரின் கதை.

பட்ஜெரிகரிலும் இப்படி ஒரு பாட்டி உண்டு. 1948-இல் பிறந்து 1977 வரை லண்டனில் 29 ஆண்டுகள் வாழ்ந்த ஒன்றின் பெயர் கின்னஸ் பதிவில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எல்லா பட்ஜெரிகரும் 29 வருஷம் வாழும் என்றால், திண்ணைப் பாட்டியை வைத்து ஊருக்கே தொண்ணூறு என்று சொன்ன மாதிரி.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இனத்தைச் சொல்லாமல் ஆயுளைச் சொல்ல முடியாது, சொல்லும் எண் சராசரியா உச்சமா என்று கேட்காமல் அதை நம்பவும் முடியாது.

பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்?

கிளிக்கு நரை கிடையாது, தோல் சுருங்கித் தொங்காது. குஞ்சா பெரிதா என்பதை மட்டும்தான் பார்த்துச் சொல்லலாம். பச்சைக்கிளியில் ஆணுக்குக் கழுத்தில் சிவப்பும் கறுப்புமாக வளையம் விழ இரண்டு மூன்று வயதாகும். வளையம் இல்லையென்றால் அது இளசாக இருக்கலாம், அல்லது எந்த வயதிலும் வளையமே வராத பெண்ணாக இருக்கலாம். ஆப்பிரிக்கன் கிரே குஞ்சாக இருக்கும்போது கண் கருஞ்சாம்பல், வளர வளர வெளிர் மஞ்சளுக்கு மாறும். மாறி முடிந்துவிட்டால் சரி, அதோடு தடயம் தீர்ந்தது. பத்து வயதுக் கிளியும் முப்பது வயதுக் கிளியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பார்த்ததும் சொல்வது மிகவும் கடினம். மூன்று மீனாக்கள் ஒரு மீனாவாக ஓடியதும் இதனால்தான்.

2004-இல் இங்கிலாந்தில் சார்லி என்ற மக்காவ் செய்திகளில் அடிபட்டது. நூறு வயதைத் தாண்டியது, வின்ஸ்டன் சர்ச்சில் வளர்த்தது என்றார் அதை வைத்திருந்தவர். சர்ச்சிலின் மகள் அப்படி ஒரு மக்காவ் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை என்று மறுத்துவிட்டார். பெரிய இடத்திலும் ஒரு 'மூணாவது மீனா' கதை ஓடத்தான் செய்கிறது.

காகிதத்தோடு நிற்கும் சாட்சி வேண்டுமென்றால் குக்கியைச் சொல்லலாம். மேஜர் மிட்செல் என்னும் காக்கட்டூ வகை, ஆண். 1933 ஜூன் 30 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டரோங்கா காட்சிச் சாலையில் பிறந்தது. ஒரு வயதில் அமெரிக்காவுக்குப் போய், அப்போதுதான் திறந்த சிகாகோ புரூக்ஃபீல்ட் காட்சிச் சாலையில் சேர்ந்தது. 2016 ஆகஸ்ட் 27 அன்று இறந்தபோது வயது 83. ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவேடு இருப்பதால் உலகின் மிக மூத்த கிளி என்ற கின்னஸ் பட்டம் அதற்குக் கிடைத்தது. ஆக, உறுதியாகத் தெரிந்த உச்சமே எண்பத்து மூன்றுதான். நூறைத் தொட்டதாகச் சொல்லப்படுகிறவை எல்லாம் வாய்மொழி.

வளர்ப்புப் பறவையில் வயதுக்கு ஆதாரம் காலில் இருக்கும் வளையம். மூட்டு இல்லாத முழு வளையத்தைக் குஞ்சாக இருக்கும்போதே விரல்களைச் சேர்த்துப் பிடித்து மாட்டிவிடுவார்கள். பாதம் வளர்ந்தபின் கழற்றவும் முடியாது, புதிதாக மாட்டவும் முடியாது. அதில் பெரும்பாலும் பொரித்த ஆண்டு பொறித்திருக்கும். கடையில் குஞ்சு என்று சொல்லி விற்பதை நம்புவதைவிட அந்தக் காலைத் திருப்பிப் பார்ப்பது மேல்.

எலிக்கு மூன்று வருஷம், கிளிக்கு நாற்பது: ஏன்?

ஆப்பிரிக்கன் கிரே அரைக் கிலோவுக்கு உள்ளேதான் இருக்கும். நம் வீட்டுச் சாக்கடைப் பெருச்சாளியும் ஏறக்குறைய அதே எடைதான். எலி வகைகள் இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். கிரே நாற்பதைத் தாண்டும். இத்தனைக்கும் கிளியின் உடம்பு ஓய்வே இல்லாமல் ஓடும் எஞ்சின்: உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல், இதயத்துடிப்பு நம்மைவிடப் பல மடங்கு வேகம். வேகமாக ஓடும் வண்டி சீக்கிரம் தேயவேண்டும். தேயவில்லை. ஏன்?

அடுத்த வருஷம் இடிக்கப்போகிற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா? எலியின் நிலைமை அதுதான். பாம்பு, ஆந்தை, பூனை என்று எல்லாமே தேடி வருகின்றன. அடுத்த வருஷம் உயிரோடு இருப்பதே சந்தேகம். ஐம்பது வருஷம் நிலைக்கும்படி உடம்பைப் பழுது பார்ப்பதில் அதற்கு லாபம் இல்லை. இருக்கிற சக்தியைக் குட்டி போடுவதில் கொட்டிவிடும். பறக்கத் தெரிந்த பறவைக்கு வெளியிலிருந்து வரும் சாவு குறைவு. அதற்கு உடம்பு சொந்த வீடு மாதிரி. ஓட்டை விழுந்தால் அடைக்கலாம், காரை பெயர்ந்தால் பூசலாம், செலவு வீண் போகாது. பல்லாயிரம் தலைமுறைகளாக இப்படிப் பழுது பார்க்கத் தெரிந்தவையே மிஞ்சின.

பழுது என்றால் என்ன? நாம் சாப்பிட்டதை எரித்துச் சக்தி எடுக்கும்போது, அடுப்பில் புகை வருவதுபோல, சில வேதித் துணுக்குகள் மிச்சமாகின்றன. அவை செல்லுக்குள் இருக்கும் பொருள்களை அரிக்கும். இரும்பில் துரு ஏறுகிற மாதிரியான இந்த வேலைக்கு ஆக்சிஜனேற்றச் சேதம் என்று பெயர். கூடவே, செல் எப்படி இயங்கவேண்டும் என்று எழுதியிருக்கும் டிஎன்ஏவிலும் அவ்வப்போது பிழை விழும். வயதாவது என்பதில் பெரும்பகுதி இந்தத் துருவும் பிழையும் சேர்ந்துகொண்டே போவதுதான். 2018-இல் பிரேசில் பக்கத்து நீலநெற்றி அமேசான் கிளியின் மரபணுத் தொகுப்பை மற்றப் பறவைகளுடையதோடு ஒப்பிட்டார்கள். நீண்ட ஆயுளுள்ள பறவைகளில் தனித்துத் தெரிந்த மரபணுக்களில் டிஎன்ஏ பிழையைத் திருத்துவதும் துருவைத் தடுப்பதும் சம்பந்தப்பட்டவை இருந்தன. கிளியின் எஞ்சின் வேகமாக ஓடினாலும் உள்ளே நல்ல மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார்.

மூளைக்கும் பங்கு உண்டு. முன்னே சொன்ன 2022 ஆய்வின் முக்கியமான முடிவே அதுதான்: உடம்பின் அளவுக்குப் பெரிய மூளை இருக்கும் இனங்கள் அதிக நாள் வாழ்கின்றன. புத்தியுள்ள பறவை ஆபத்திலிருந்து தப்பிக்கிறது, ஒரு பழம் இல்லாத பருவத்தில் வேறொன்றைத் தேடிக்கொள்கிறது.

ஆக, பறப்பதால் வெளிச்சாவு குறைவு, உள்ளே பழுதுபார்ப்பு நன்றாக நடக்கிறது, தப்பிக்க மூளையும் இருக்கிறது. இது மூன்றும் கிளியின் பிறவிச் சொத்து. கூண்டில் வைத்ததும் முதலாவது பறிபோகிறது, மூன்றாவதுக்கு வேலையே இல்லை.

பிறகு ஏன் வீட்டில் சீக்கிரம் சாகிறது?

முதல் காரணம் தீனி. தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், பறவையும் ஆசையாகத் தின்னும். மூன்று வேளையும் மிக்சர் கொடுத்தால் பிள்ளைகளும் ஆசையாகத்தான் தின்பார்கள். விதையில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏவும் கால்சியமும் ரொம்பக் குறைவு. வைட்டமின் ஏ இல்லாவிட்டால் மூக்கு, வாய், மூச்சுக்குழாயின் உள்தோல் தடித்துக் கெட்டு, கிருமி சுலபமாக நுழையும். கொழுப்பு ஈரலில் படியும். கூண்டுக்குள் பறக்கவும் வழியில்லை. ஐந்தாறு வருஷம் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஒருநாள் திடீரென்று விழும்.

குக்கியே இதற்குச் சாட்சி. அந்த இனத்துக்கு என்ன தீனி தேவை என்று தெளிவாகத் தெரியாத காலம் அது. முதல் நாற்பது வருஷம் அதற்கு வெறும் விதைதான். அதன் விளைவாக இருக்கலாம், வயதான காலத்தில் எலும்பு பலவீனமாகும் நோய் வந்து மருந்தும் சத்துப் பொருளும் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெரியம்மா மட்டும் மீனாவுக்குக் கோவைப்பழமும் பச்சை மிளகாயும் கொடுப்பார். மிளகாய் தின்றால் பேச்சு வரும் என்பது நம்பிக்கை. பேச்சுக்கும் மிளகாய்க்கும் சம்பந்தமில்லை. காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு நம்மைப்போல வேலை செய்யாததால் அது சாவகாசமாகக் கடித்துத் தின்கிறது. ஆனால் மிளகாயில் வைட்டமின்கள் இருக்கின்றன. காரணம் தப்பு, காரியம் சரி! முருங்கைக்கீரை, கேரட், கணவாய் ஓடு என்று சேர்த்தால் இன்னும் நல்லது. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, வெங்காயம் ஆகாது. வெண்ணெய்ப்பழம் உயிரையே எடுத்துவிடும்.

இரண்டாவது காரணம் காற்று. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நம் நுரையீரல் குடம் மாதிரி. ஒரே வாய் வழியாக நிரப்பி அதே வாய் வழியாகக் கொட்டுகிறோம், அடியில் கொஞ்சம் பழைய தண்ணீர் எப்போதும் தங்கும். பறவையின் நுரையீரல் வாய்க்கால் மாதிரி. உடம்புக்குள் பரவியிருக்கும் காற்றுப்பைகள் துருத்திபோல வேலை செய்து, நுரையீரல் வழியாகக் காற்றை ஒரே திசையில் ஓடவிடுகின்றன. மூச்சை இழுக்கும்போதும் புதுக்காற்று, விடும்போதும் புதுக்காற்று. பறப்பதற்கு இது வரம். காற்று கெட்டுவிட்டால் இதுவே சாபம், நச்சும் அதே வேகத்தில் ரத்தத்தில் ஏறும். வெறும் நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் மறந்துபோய்க் காயவிட்டால் அதிலிருந்து வரும் ஆவியில் பக்கத்து அறைக் கிளிகூடச் சில நிமிஷத்தில் செத்துவிழலாம். மனிதருக்கு அதன் நெடிகூடத் தெரியாமல் போகலாம். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, ஸ்பிரே எல்லாமே கூண்டிருக்கும் அறையில் தள்ளி வைக்கவேண்டியவை.

மூன்றாவது, நோயை மறைக்கும் குணம். காட்டில் தளர்ந்து தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும். அதனால் முடியாதபோதும் முடிந்தமாதிரி காட்டிக்கொள்வது கிளியின் ரத்தத்தில் ஊறியது. "காலையிலகூட நல்லாத்தான் இருந்துச்சு, சாயங்காலம் பார்த்தா செத்துக் கிடக்குது" என்று வளர்ப்பவர்கள் சொல்வது இதனால்தான். அக்கா மகனின் பறவையும் நாலைந்து நாளாக இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குளிர் என்று நினைத்து நாங்கள் கூண்டின்மேல் துண்டைப் போட்டோம். இறகு உப்பி, கூண்டின் தரையில் வந்து உட்காரும் பறவை பல நாளாகவே நோயில் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

மின்விசிறி, பூனை, திறந்த ஜன்னல் எல்லாருக்கும் தெரிந்தவை. தனிமை அப்படித் தெரிவதில்லை. கூட்டமாக வாழப் பிறந்த பறவையை ஒற்றையாக மூலையில் தொங்கவிட்டால், சில கிளிகள் தங்கள் நெஞ்சு இறகைத் தாங்களே பிடுங்கிப் பிடுங்கி வெறும் தோலாக்கிவிடும்.

வாங்கும்முன் போடவேண்டிய கணக்கு

ஒன்று சட்டம். மீனாக்களின் காலத்தில் யாரும் கேட்கவில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். பட்ஜெரிகர், காக்டெயில் போன்ற வெளிநாட்டு இனங்களை வளர்க்கத் தடையில்லை. ஆப்பிரிக்கன் கிரே போன்று உலக அளவில் அருகிவரும் இனங்களுக்கு அரசிடம் பதிவு செய்யவேண்டும்.

இன்னொன்று வளர்ப்பவரின் வயது. போன வருஷம் ஓய்வுபெற்ற ஒரு நண்பர், பேச்சுத்துணைக்கு ஆப்பிரிக்கன் கிரே குஞ்சு வாங்கப்போவதாகச் சொன்னார். அவருக்கு அறுபது. நல்ல தீனி, நல்ல காற்று கொடுத்து வளர்த்தால் அது நாற்பதைத் தாண்டும் என்று சொல்லிவிட்டு, அப்போது உங்களுக்கு என்ன வயது என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அங்கேயே போன் போட்டு, "ஏம்மா, உனக்குக் கிளி பிடிக்குமா?" என்று கேட்டார்.

மகள் என்ன சொன்னாளோ தெரியாது. இப்போது அவர் வீட்டில் ஒரு ஜோடி காக்டெயில் இருக்கிறது.